மிரண்ட குதிரையும் தகர டின்னும்

கொள்ளு என்றால் குதிரை வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். வேலை என்றதும் நழுவுகிறவர்களைக் கேலி செய்ய நம் ஊரில் சொல்லும் பழமொழி. கடிவாளத்தைக் கண்டதும் குதிரை ஏன் வாயை மூடுகிறது என்று அதை முதலில் சொன்னவர் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதற்கு விடை கிடைத்தது 2017 டிசம்பரில், மட்டாஞ்சேரியில், ஒரு மிளகுக் கிடங்கின் பின்முற்றத்தில்.

அந்தக் கிடங்கில் நான் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் பழனிக்குப் பக்கம். கொச்சிக்கு வந்து 25 வருடங்களுக்கு மேல் ஆகிறது. மட்டாஞ்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு டச்சு அரண்மனையும் யூதத் தெருவும்தான் நினைவுக்கு வரும். இங்கேயே இருப்பவர்களுக்கு அது பத்துப் பன்னிரண்டு மொழி பேசும் ஒரு கடைத்தெரு. கொங்கணி, கன்னடம், கச்சி, தமிழ் எல்லாம் கேட்கும். குஜராத்தி ரோடு என்று ஒரு தெருவே உண்டு. கேரளத்தில் ஊர்வலம் என்றால் யானைதான். ஆனால் எங்கள் பேட்டையில் வருடத்தில் சில நாள் மட்டும் குதிரையைப் பார்க்கலாம். குஜராத்திக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குதிரையில்தான் வரவேண்டும். அந்த ஊர்வலத்துக்கு அவர்கள் மொழியில் வர்கோடோ என்று பெயர்.

2017 நவம்பரில் அப்படி ஒரு ஊர்வலத்தில் அந்த வெள்ளைக் குதிரை எழும்பிவிட்டது. பெண் குதிரை, ஆறு வயது இருக்கும். குதிரைக்காரர் (கல்யாணப் பந்தல், பேண்டு வாத்தியம், அலங்கார வண்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர்) அந்த வருடம் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் 80,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருந்தார். காது நுனிகள் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடப்பார்க்கும் காத்தியவாரி ஜாதிக் கலப்பு. குஜராத்தின் காத்தியவாரிலிருந்து கிளம்பிய ரத்தம், ஈரோடு மாவட்டம் வழியாக, கொச்சியில் உள்ள குஜராத்திக்காரர்களிடம் வந்து சேர்ந்திருந்தது.

எழும்பிய வேகத்தில் மாப்பிள்ளை டிரம் அடிப்பவர் மேல் சரிந்தார். தலைப்பாகை போனதைத் தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் சிதறியதில் வேடிக்கை பார்க்கப் போயிருந்த என் மகன் சாக்கடை ஓரத்தில் விழுந்தான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஒன்பது வயது அவனுக்கு. அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம். இரண்டு தெரு சுற்றிப் போனோம்.

கெட்டது நடந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பதில் நம்மவர்கள் சமர்த்தர்கள். குதிரையின் நெற்றியில் கூடாத இடத்தில் ஒரு சுழி இருப்பதாக மறுநாள் காலையில் ஒருவர் கண்டுபிடித்தார். சுழி சாஸ்திரம் பெரிய சாஸ்திரம். நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952இல் வண்ணப் படங்களோடு பதிப்பித்திருக்கிறது. குதிரையின் நிறமும் உடல் குறிகளும் சொல்லும் பலன்களுக்கு அதில் குறைவில்லை. அந்தியூரில் இன்றும் விலை பேசும் முன் சுழிதான் பார்ப்பார்கள். ஆனால் இந்தச் சுழி 80,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தபோது யார் கண்ணிலும் படவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பிப்ரவரியில் இன்னொரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார் குதிரைக்காரர். அதற்குள் சரியானால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் வந்த விலைக்குத் தரகரிடம் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தார். கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. தினம் தீனி போட்டுக்கொண்டு சும்மா நிற்கவைக்க அவரிடம் பணமில்லை. தரகரிடம் போகும் குதிரை முதலில் இன்னொரு ஊரின் கல்யாணத்துக்குப் போகும், அப்புறம் ஏதாவது கடற்கரையில் சவாரிக்குப் போகும். அதற்கும் அப்புறம் எங்கே போகும் என்பதைத் தரகர்கள் பேசுவதில்லை.

அவரிடம் இடமில்லாததால் எங்கள் கிடங்கின் பின்முற்றத்தில் அதைக் கட்டினார்கள். சாவி என்னிடம் இருந்தது. காலை ஏழு மணிக்குக் கதவு திறப்பது என் வேலையாயிற்று. இப்படித்தான் ராவுத்தரைப் பார்த்தேன்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்டிருந்தார். எழுபது வயது. இளமையில் ஜட்கா ஓட்டியவர். பிறகு தத்தமங்கலம் அங்காடி வேலையில் நடக்கும் குதிரை ஓட்டத்துக்குக் குதிரைகள் தயார் செய்தவர். பாலக்காட்டு எல்லைத் தமிழ். என்னை 'தம்பி' என்றார். நான் 'பாய்' என்றேன். குதிரையை அவர் கூப்பிட்டது 'அம்மணி' என்று.

ராவுத்தர் என்ற சொல்லுக்கே குதிரை வீரன் என்று பொருள். தமிழர்களுக்கும் குதிரைக்கும் உள்ள சம்பந்தம் விசித்திரமானது. நம் மண்ணில் குதிரை அதிகம் பிறக்கவில்லை. கப்பலில் வந்தது. பட்டினப்பாலை பாடிய காலத்திலேயே கடல் வழியாகக் குதிரை இறங்கியிருக்கிறது. மாணிக்கவாசகரின் சரித்திரமே குதிரை வாங்கப் போன மந்திரியின் கதை. அதில் சிவபெருமானே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனிடம் ஒப்படைக்கிறார். ராத்திரி அவை மறுபடியும் நரிகளாகி லாயத்தில் இருந்த மற்றக் குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. பயந்த குதிரையை வைத்திருந்தவர் எவரோ தான் இந்தக் கதையை முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பகலில் பரி, ராத்திரியில் நரி.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இதைவிட வருத்தமான கணக்கு ஒன்றைக் கொடுக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்திலிருந்து வரும் குதிரைகளைப் பாண்டிய நாட்டு அரசர்கள் ஆளுக்கு 2,000 என்று வருடா வருடம் வாங்குகிறார்கள். வருட முடிவில் அதில் நூறு தேறுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள் என்று எழுதுகிறார். குதிரை விற்கும் வியாபாரிகள் லாயக்காரர்களை மட்டும் இங்கே வரவிடமாட்டார்களாம். கற்றுக்கொடுத்துவிட்டால் அடுத்த வருட வியாபாரம் என்னாவது? கணக்கு எழுதுகிறவன் என்பதால் இந்த வரி என் மனத்தில் தங்கிவிட்டது.

ராவுத்தர் முதல் மூன்று நாள் எதுவும் செய்யவில்லை. ஒரு கோணியை விரித்து முற்றத்து மூலையில் உட்கார்ந்து பீடி குடித்தார். குதிரை எதிர் மூலையில் சுவரை ஒட்டி நின்றது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. இதற்குச் சம்பளமா என்று குதிரைக்காரர் கேட்டார். "அது என்னைப் பார்த்து முடிக்கட்டும் மொதலாளி" என்றார் ராவுத்தர்.

நான்காம் நாள் அருகில் போனார். நேராகப் போகவில்லை. கொஞ்சம் நடந்து, நின்று, திரும்பி விலகி, மறுபடி வேறு கோணத்தில். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். பார்க்கமுடியாத இடங்கள் இரண்டு. நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் நம்மைவிட அதற்குக் கண் பழக நேரமாகும். புல் தின்று உயிர் வாழும் பிராணி. அதன் முன்னோர்களில் முதலில் ஓடிவிட்டுப் பிறகு யோசித்தவைதான் பிழைத்தன. காகிதம் பறந்தால்கூட ஓடுவது அதற்கு முட்டாள்தனம் இல்லை, பரம்பரைச் சொத்து.

ராவுத்தர் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி பார்க்கிறார். நிம்மதியாக நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். ராவுத்தருக்கு எண் தெரியாது. "இப்ப மழை பெய்யுது", "இப்ப தூறல்" என்பார்.

கடிவாளத்தைப் பார்த்ததும் குதிரை பல்லை இறுக்கித் தலையைத் தூக்கியது. அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டு வாயைக் காட்டினார். பொறுமையாகக் கடைவாயில் கட்டைவிரலை நுழைத்துத் திறந்தார். நாக்கின் மேல் வரிவரியாகத் தழும்பு. வாயோரம் ஆறி ஆறிப் புண்ணாகித் தோல் கெட்டியாகிவிட்டிருந்தது. என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். மரக்கட்டை மாதிரி இருந்தது. வந்த கடிவாளத்தை உதறி எடுத்து வந்தார். வாய்க்குள் போகும் இரும்பில் சின்னச் சின்ன முள்.

முள் கடிவாளம் இந்த நாட்டில் சட்ட விரோதம். 1960ஆம் வருட மிருக வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் வந்த விதிகள் வண்டி இழுக்கிற, சுமை தூக்கிற மிருகங்களுக்கு முள் கடிவாளம் போடக்கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. அரை நூற்றாண்டுக்கு அப்புறமும் அதைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கக் கடைகள் இருக்கின்றன. எங்கள் குதிரைக்காரர் குதிரையோடு சேர்ந்து வந்ததை அப்படியே மாட்டியிருந்தார். சந்தையில் யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ராவுத்தர் அதைக் கோணியில் சுற்றிக் காயலில் எறிந்துவிட்டு வந்தார். வெறும் கயிற்றில் தலைக்கட்டு ஒன்று முடைந்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு வழவழப்பான ஒரு கடிவாளத்தில் கருப்பட்டியைக் குழைத்துத் தடவி நீட்டினார். வாய் தானாகத் திறந்தது. பழமொழிக்காரர் அங்கே இருந்திருக்கவேண்டும்.

வாய் சரி, பயம்? எதற்கு மிரண்டது என்று தெரியாமல் அதைத் தெளியவைக்க முடியாது என்றார் ராவுத்தர். எல்லோரும் பட்டாசு என்றார்கள். பட்டாசு அதற்குக் கால் மணிக்கு முன்பே வெடித்து முடிந்திருந்தது. பேண்டு என்றார்கள். பேண்டு அரை மணியாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. ராவுத்தர் போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொருவராக விசாரித்தார். ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்கு ஒத்துப்போகவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த என் மகன், "மாப்பிள்ளையோட தங்கச்சி சொம்பை ஆட்டினப்பதான்" என்றான். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

குஜராத்திகளிடம் ஒரு வழக்கம். மாப்பிள்ளைக்குக் கண்ணேறு படாமலிருக்கத் தங்கை முறையுள்ள பெண் பின்னாலிருந்து ஒரு சிறு உலோகச் சொம்பை ஆட்டிக்கொண்டே வருவாள். உள்ளே உப்போ காசோ கலகலவென்று சத்தமிடும். அந்தப் பெண் அதுவரை பக்கவாட்டில் வந்திருக்கிறாள். தெரு குறுகியதும் பின்னால் ஒதுங்கியிருக்கிறாள். வாலுக்கு நேர் பின்னால், குதிரைக்குத் தெரியாத இடத்தில், திடீரென்று உலோகம் குலுங்கியிருக்கிறது. குதிரை ஒரு அடி முன்னால் துள்ளியிருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஆனால் கயிறு பிடித்தவன் பயந்துபோய் இழுத்தான். நாக்கில் முள் இறங்கியது. மிரண்டது சொம்புக்கு, எழும்பியது வலிக்கு.

கிரேக்கத் தளபதி செனபன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு கையேடு எழுதியிருக்கிறார். ஒரு பொருளைக் கண்டு குதிரை தயங்கினால் அடிக்காதே, நீ முதலில் போய் அதைத் தொட்டுக் காட்டு, பிறகு மெதுவாக அழைத்துப்போ, அடித்தால் அந்த வலியும் அந்தப் பொருளிலிருந்துதான் வருகிறது என்று குதிரை நினைத்துக்கொள்ளும் என்பது அவர் சொல்வதன் சாரம். இவ்வளவு காலம் ஆகியும் இதற்கு மேல் சேர்க்க அதிகமில்லை. இன்றைய நடத்தை விஞ்ஞானிகள் இதையே நீண்ட சொற்களில் சொல்கிறார்கள். தாங்கக்கூடிய அளவில் ஆரம்பி, அது அமைதியாகும் நொடியில் நிறுத்து, ஓடும்போது நிறுத்தாதே. ஓடும்போது நிறுத்தினால், ஓடியதால்தான் சத்தம் நின்றது என்று அது கற்றுக்கொள்ளும்.

ராவுத்தர் என்னிடம் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னையும் குச்சியையும் கொடுத்தார். அவர் திட்டம் எளிமையானது. சத்தம் குதிரையிடம் வரக்கூடாது, குதிரையைவிட்டு விலகிப் போகவேண்டும். முற்றத்தின் கடைசியில் நான் டின்னை மெல்லத் தட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நடப்பேன். அவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி குதிரையைப் பின்னால் அழைத்து வருவார். விலகி ஓடுகிற பொருளைக் கண்டால் குதிரைக்குப் பயம் குறைந்து ஆராயும் ஆசை வருகிறது. கூட்டத்துக்குக் குதிரைகளைப் பழக்குபவர்கள் பல நாடுகளிலும் இந்த உபாயத்தைக் கையாளுகிறார்கள். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. காலை ஏழரை மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டி, டின் அடித்துக்கொண்டு, வெள்ளைக் குதிரை பின்தொடர மிளகு மூட்டைகளைச் சுற்றி வந்தேன். சுமை தூக்கும் தொழிலாளர்கள் சீட்டி அடித்தார்கள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, டின்னுக்குப் பின்னால் என் தோளில் சூடான மூச்சுப் பட்டது. தட்டுவதை நிறுத்தினேன். "நிறுத்தாதே தம்பி, அதுக்கு இப்பத்தான் பாட்டு புடிக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை மூடியிருப்பதால் கதவருகே கூட்டம் சேர ஆரம்பித்தது. பிள்ளைகள், பேண்டுக்காரர்கள், எதிர்க்கடை கொங்கணிப் பெரியவர், இரண்டு வெள்ளைக்காரப் பயணிகள். ராவுத்தர் இதையும் உபயோகப்படுத்திக்கொண்டார். ஒருத்தரைக் குடை விரிக்கச் சொல்வார், ஒருத்தரை இருமச் சொல்வார். எல்லாம் தூரத்தில். குதிரை காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கொள்ளில் வாயை வைத்தால் ஐந்து தப்படி கிட்டே வரலாம். தலையைத் தூக்கினால் அங்கேயே நிற்கவேண்டும். முற்றத்தின் விதி அவ்வளவுதான். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவரை மட்டும் வெளியே அனுப்பிவிடுவார். "நீ பயந்தா அதுக்குத் தெரியும்" என்பார்.

இது மூடநம்பிக்கை இல்லை. 1904இல் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே திரண்டது. விடை எத்தனையோ அத்தனை முறை காலைத் தட்டும். ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907இல் வெளியிட்டதில் விஷயம் தெரிந்தது. குதிரைக்குக் கணக்கு வராது. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையிலும் உடலிலும் அவருக்கே தெரியாமல் ஏற்படும் மிகச் சிறிய அசைவை அது படித்துவிடுகிறது. கணக்கைவிட இது பெரிய வித்தை என்பது என் கட்சி.

கூட்டத்தைக் கூட்டிக் குதிரையின் பயம் தெளிவிப்பது உலகத்தில் பழைய தொழில்தான். அமெரிக்காவின் ஓஹையோவைச் சேர்ந்த ஜான் ராரி 1858இல் விக்டோரியா ராணியின் முன்னால் செய்து காட்டினார். குரூயிசர் என்ற, கிட்டே யாரும் போகமுடியாத குதிரையைச் சில மணி நேரத்தில் வசப்படுத்தி லண்டனையே கலக்கினார். அன்பாலேயே செய்தேன் என்றார். ஆனால் குதிரையின் முன்னங்காலை மடக்கி வாரால் கட்டி, அது ஓய்ந்து படுக்கும்வரை விடாமலிருப்பதும் அவர் முறையில் இருந்தது. 1989இல் மான்டி ராபர்ட்ஸ் என்ற கலிபோர்னியாக்காரரை எலிசபெத் ராணி வின்ட்சருக்கு அழைத்தார். வட்டமான அடைப்பில் குதிரையை ஓடவிட்டு, அது தானாகத் தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருந்து, அரை மணியில் சேணம் போட்டுக் காட்டினார். 1995இல் நிக்கலஸ் எவன்ஸின் நாவல், 1998இல் ராபர்ட் ரெட்ஃபோர்டின் படம் என்று குதிரையிடம் கிசுகிசுப்பவர்கள் உலகப் பிரசித்தம் ஆனார்கள். சாட்டையை ஒழித்ததற்கு இவர்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனாலும் அரை மணிக் காட்சிகளில் எனக்குச் சந்தேகம் உண்டு. டிக்கெட் வாங்கிய கூட்டம் வீட்டுக்குப் போகும் முன் முடிந்தாகவேண்டிய பயம், தெளிந்த பயமா களைத்த பயமா? விஞ்ஞானிகள் சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். ராவுத்தருக்கு ஏழு வாரம் பிடித்தது. அதில் பாதி நாள் வேடிக்கை பார்க்க ஒன்றுமே இருக்காது.

புதுவருடத்தன்று ஃபோர்ட்கொச்சியில் நடக்கும் கார்னிவல் ஊர்வலத்துக்குக் குதிரையைக் கேட்டார்கள். நல்ல பணம். குதிரைக்காரர் ஒப்புக்கொள்ள இருந்தார். "அனுப்பினா அனுப்புங்க மொதலாளி, நான் ராத்திரி வண்டிக்கு ஊருக்குப் போயிடறேன்" என்று கோணியை மடிக்க ஆரம்பித்தார் ராவுத்தர். குதிரை போகவில்லை. எங்கள் முற்றத்தில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரே தடவைதான். அதுவும் குதிரைக்கு எட்டாத தூரத்தில், கதவுக்கு வெளியே.

ஜனவரி நடுவில் என் மகனின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மறு ஞாயிறு என்னோடு வந்தான். கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. ராவுத்தர் அவனை அழைக்கவும் இல்லை. ஒரு பித்தளைச் சொம்பில் நாலு காசைப் போட்டு, துணியால் சுற்றி, அவன் கையில் கொடுத்தார். "அங்கிருந்தே ஆட்டு. அம்மணி காது ஆடினா நிறுத்து." துணி சுற்றிய சொம்பு தொக்குத் தொக்கென்று சத்தம் போட்டது. அடுத்த வாரம் கதவுக்கு இந்தப் பக்கம். பிறகு துணி இல்லாமல். கடைசி வாரம் குதிரையின் வால் பக்கம், ஆனால் கொஞ்சம் இடதுபுறமாக, அதன் கண் படும் இடத்தில் நின்று ஆட்டினான். குதிரை ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பியது. பிறகு நின்றபடியே ஒரு காலைத் தளர்த்திக்கொண்டது. நான் மூட்டை எண்ணுவதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரிக் கல்யாணத்துக்கு ராவுத்தர் போட்ட நிபந்தனைகள் மாப்பிள்ளை வீட்டாரை அசரவைத்தன. பேண்டு இரண்டு சாயங்காலம் முற்றத்துக்கு வந்து வாசிக்கவேண்டும். தெரு திரும்பும்வரை பட்டாசு கூடாது. சொம்பு ஆட்டும் பெண் முன்கூட்டியே வந்து கருப்பட்டி கொடுத்துப் பழகவேண்டும். மாப்பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்கக்கூடாது, அவரே மேடை வைத்து ஏறவேண்டும். மாப்பிள்ளை நல்ல பையன். மூன்று நாள் காலையில் வந்து ஏறிப் பழகினார்.

ஊர்வலத்தில் பேண்டுக்கும் சொம்புக்கும் குதிரை அசையவில்லை. ஆனால் யாரும் ஒத்திகை பார்க்காத ஒன்று குறுக்கே வந்தது. ஒரு கடையின் முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டு அவிழ்ந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. குதிரை நின்றுவிட்டது. கழுத்து உயர்ந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு நவம்பர் நினைவு வந்து கூட்டம் பத்தடி பின்வாங்கியது. ராவுத்தர் கையைத் தூக்கினார். பேண்டு நின்றது. அவர் கயிற்றை என் கையில் தளரக் கொடுத்துவிட்டு, நிதானமாக நடந்து போய், தார்ப்பாயின் நுனியைப் பிடித்துத் தன் தலைமேல் முக்காடு போலப் போட்டுக்கொண்டு நின்றார். முகூர்த்தம் போகிறது என்று யாரோ குஜராத்தியில் முணுமுணுத்தார்கள். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். குதிரை மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி, தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று. செனபன் என்ற பெயர் ராவுத்தரின் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

கேரளத்தில் இதைப்பற்றிப் பேசினால் பேச்சு யானையில்தான் போய் முடியும். 2025 பிப்ரவரி 13 அன்று கோழிக்கோடு மாவட்டம் கொயிலாண்டியில், மணக்குளங்கரைக் கோயில் உற்சவத்தில் வெடிச் சத்தத்துக்கு நடுவே யானைகள் இரண்டு மிரண்டன. மூன்று பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 நவம்பரில், யானைக்கும் யானைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி என்பது உட்பட உற்சவ ஊர்வலங்களுக்குக் கேரள உயர் நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. மீட்டரில் அளப்பவர்களும் பாரம்பரியம் பேசுபவர்களும் மோதிக்கொண்டார்கள். யானைக்குப் பயம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பற்றிய பேச்சு குறைவாகவே கேட்டது. ஆண்ட்ரூ மெக்லீன் என்ற ஆஸ்திரேலியக் குதிரைப் பயிற்சியாளர் குதிரைகளிடம் கற்ற முறைகளை நேபாளத்திலும் அசாமிலும் யானைப் பாகர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அங்குசத்துக்குப் பதில் சிறு அழுத்தம், சரியாகச் செய்த நொடியில் விடுதலை, கூடவே தீனி. வேண்டியது பொறுமையான நாட்கள். உற்சவக் காலத்தில் ஊர் ஊராக லாரியில் போகும் யானைக்கு அப்படிப்பட்ட நாட்கள் கிடைப்பதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் நின்றன. குதிரைக்காரர் அலங்கார வண்டிகளை விற்றார். குதிரையை என்ன செய்வது என்று தெரியாமல் ராவுத்தருக்குப் போன் செய்தார். அவர் ஒரு மினி லாரியோடு பேரனை அனுப்பினார். அடுத்த வருடம் ராவுத்தர் காலமாகிவிட்டார். அம்மணி இப்போது பேரனிடம் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிறது. வாயோரத் தோல் இன்னும் தடிப்பாகத்தான் இருக்கிறது. கல்யாண சீசனில் கொச்சிக்கு வரும்.

பேரன் தாத்தாவின் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறான். கடைசியாக நான் பார்த்த கல்யாணத்தில் பேண்டு மாஸ்டர் புதியவர். இரண்டு சாயங்காலம் முற்றத்துக்கு வந்து குதிரைக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்றதும், "அந்த ரெண்டு நாளுக்குக் கூலி யார் கொடுப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேரன் பதில் சொல்லாமல் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தான். அவர் கொஞ்சநேரம் கணக்குப் போட்டுவிட்டு, பட்டாசுக்கு ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.